இருபதில் ஒரு பங்கு

கஸ்பர் பந்தயம் பிடிப்பதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதற்கென்று ஒதுக்கிய காசில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த நாளும் கட்டமாட்டார். தோற்றால் கையிருப்புக் குறையும். அடுத்த நாள் கட்டும் பங்கும் அதோடு குறையும். விட்டதைப் பிடிக்கவென்று கூட்டிக் கட்டுவதில்லை. அவர் வேலை செய்த அஜக்ஸ் நகரத்துப் பாண் சுடும் தொழிற்சாலையின் சம்பளம் அந்தப் பக்கமே போகாது. அதனால்தான் மனைவி வேரோனிக்காவும் அந்தப் பழக்கத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

ஸ்காபரோவில் அவர்களின் மாடிக் கட்டடத்துக்கு எதிரே கிறிஸ்துநாயகத்தின் கடை. பாலும் விற்பான், பந்தய ரிக்கெற்றும் அடித்துக் கொடுப்பான். மூன்று ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் சொன்னால்தான் ரிக்கெற்றுக்குக் காசு விழும்.

"உந்த ரெண்டு டொலரைக் கட்டி எப்ப அண்ணை பணக்காரனாகிறது?" என்று அவன் சீண்டுவான்.

"பணக்காரனாகப் போனவங்கள் எல்லாம் இப்ப உன்னட்டைக் கடன் சொல்லுறாங்கள். நான் கைக்காசுக்கெல்லோ பால் வாங்குறன்."

2009 மே மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. கஸ்பரின் தங்கை பேர்ணடெற் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தாள். மாசியில் ஒருமுறை பேசியதுதான். கஸ்பருக்கு இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டு போனார்.

சனிக்கிழமை வீட்டிலிருந்த அந்தோனியார் சுரூபத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தினார். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிற புனிதர் அல்லவா!

"இண்டைக்கு என்ரை ரிக்கெற் விழுந்தால் அவள் உயிரோட இருக்கிறாள் எண்டு எடுப்பன்" என்று நேர்ந்துகொண்டார்.

விழவில்லை.

காசு போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் தங்கையை எப்படித் தோல்வியில் விட்டுவிட்டுப் படுப்பது? ஞாயிறு இரட்டிப்பாகக் கட்டினார். தோற்றது. திங்கள் யுத்தம் முடிந்தது என்றார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் வேரோனிக்கா மயங்கி விழுந்தாள். அவளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கடைக்கு ஓடி, மிச்சக் கையிருப்பு முழுவதையும் கட்டினார். அதுவும் போனது.

சுரூபத்துக்குப் பின்னால் ஓர் உறை இருந்தது. பேர்ணடெற் உயிரோடு வந்தால் அவளை வெளியே எடுக்கவென்று வேரோனிக்கா வீடுகள் துப்புரவாக்கிச் சேர்த்த காசு. செவ்வாய் பின்னேரம் கஸ்பர் சுரூபத்தின் முகத்தைப் பாராமல் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"ஒரு ரிக்கெற்றில நூறுக்கு மேல போடேலாது அண்ணை."

"அப்ப அடுக்கி அடி."

"உங்கட சட்டம்?"

"அடியடா."

இரண்டு ஆட்டம் சரி வந்தது. மூன்றாவது ஓடிக்கொண்டிருக்க, அவர் வீட்டில் குளிர்பெட்டிக்கும் பல்கனிக்கும் இடையில் நடந்தார். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் அதுவும் போனது. கஸ்பர் நிலத்தில் உட்கார்ந்து, தங்கையைப் பறிகொடுத்தவர்போல வாய்விட்டு அழுதார்.

அப்போது தொலைபேசி அடித்தது. அழுகை கேட்டு அறையிலிருந்து வந்த வேரோனிக்கா அதன் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"அண்ணை, நான் பேர்ணடெற்."

கஸ்பர் நிலத்தில் இருந்தபடியே தொலைபேசிக்குக் கிட்ட நகர்ந்தார்.

"சனிக்கிழமையே கடலேரி கடந்து இஞ்சால வந்திட்டன். இது ஆரோ ஒராளின்ரை போன், கனக்கக் கதைக்கேலாது."

சனிக்கிழமை. அவர் தோற்ற அத்தனை நாளும் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

"முகாமால வெளியில எடுத்துவிட ஒரு ஆள் காசு கேக்கிறான். அண்ணி சேர்த்து வைச்சிருக்கிறா எண்டு முந்திச் சொன்னனீங்களே, இருக்கோ?"

வேரோனிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டாள். கை வெறுமையாக வந்தது. மேசையில் கிடந்த ரிக்கெற் அடுக்கைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"இருபதில ஒரு பங்கெண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?" என்றாள், தொலைபேசிக்குக் கேட்காத குரலில்.

கஸ்பர் எழுந்து சாவிக்கொத்திலிருந்து கார்த் திறப்பைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"நாளைக்கே வித்திடுவம்."

"அஜக்ஸுக்கு வேலைக்கு?"

"பஸ் மாறி மாறிப் போவன். இல்லாட்டி நடப்பன்."

"அண்ணை, கேக்குதோ? காசு இருக்கோ?"

வேரோனிக்கா திறப்பை இறுகப் பொத்தினாள்.

"இருக்குப் பிள்ளை" என்றாள். "நீ பயப்பிடாதை."