விரால் அடிப்பான் என்று சொல்லிவிட்டேன்

இன்று காலை எண்ணூர்க் கழிமுகத்தில் பறவைக் கணக்கெடுப்பு. மின்கோபுரத்திலிருந்து பாய்ந்து மீனோடு எழுந்த ஒன்றை நான் மட்டுமே பார்த்தேன்.

"விரால் அடிப்பான்!" என்று கத்திவிட்டேன். குளிர்காலத்தில் எப்போதாவது தென்படும் பறவை. மற்றவர்கள் திரும்புவதற்குள் போய்விட்டது.

"செம்பருந்தாகவும் இருக்கலாம், எழுத வேண்டாம்" என்று உடனே பின்வாங்கினேன்.

குழுவை நடத்தும் மேரி சிரித்தார்.

"இன்னா சார் நீங்க! காக்காவப் பாத்தாலே 'இருக்கலாம்'னு சொல்ற ஆளு. உங்க வாயிலயே பேரு வந்துச்சின்னா அது அதான். எழுதிட்டேன், வுடுங்க!"

எல்லாரும் கைதட்டி, என் கையில் முதல் டீயைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து பறவைப் புத்தகத்தை மூட முடியவில்லை.

காலையில் அந்தப் பக்கம் இருந்த நண்பர்கள் யாராவது பார்த்தீர்களா? விரால் அடிப்பான் என்றால் இங்கேயே எழுதுங்கள். செம்பருந்து என்றால் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வாருங்கள்.