மகளின் கட்டுரையைத் திறப்பதா, பூட்டுவதா

திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் என் மகள், மாம்பழத்தைக் கெடுக்கும் ஈயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. சேதி கேட்டு ஏழுமலையானுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால், பெண் முகம் வாடியிருந்தது.

"நைனா, நாம காசு கட்டினா உலகத்துல யாரு வேணும்னாலும் சும்மா படிக்கலாம். கட்டலைன்னா பூட்டு போட்டுடுவாங்க, படிக்கறவங்கதான் காசு கட்டித் திறக்கணும். எதுன்னு நாளைக்குள்ள சொல்லணும்."

முதலாவது அன்னதானம் மாதிரி என்று புரிந்தது. கஷ்டப்பட்டு எழுதினவளே எதற்குக் கட்ட வேண்டும் என்பது இன்றுவரை புரியவில்லை.

கட்டாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் பங்காருபாளையத்தில் என் மச்சான் இருக்கிறான், என் மனைவியின் தம்பி. அவன் தோப்பில்தான் மகள் இரண்டு வருஷம் காய் பொறுக்கினாள். கட்டுரையில் தன் தோப்புப் போட்டோ வருகிறது என்று கேட்டதிலிருந்து, மாங்காய் மண்டியில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கினு திரிகிறான். அத்தனை பேர் எதிரில் செல்லைத் தட்டி, பூட்டு தெரிந்தால் அவன் மானம் என்ன ஆகும்? மகளுக்கு அதுதான் கவலை.

"பூ கட்டிப் பாத்துடலாம்" என்றாள் மனைவி.

பெண் பார்ப்பதானாலும் போர் போடுவதானாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். கண்ணை மூடி மனசாரக் கும்பிட்டேன். மகள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"வெள்ளைன்னா சரின்னு அர்த்தம். திறக்கச் சொல்லிட்டார்" என்றேன்.

"அதெப்படி? காசு கட்டாம விட்டா சரியான்னுதானே நான் வேண்டிக்கினேன்" என்றாள் மனைவி.

"நான் கட்டலாமான்னு வேண்டிக்கினேன்."

இரண்டு பேரும் மகளைப் பார்த்தோம்.

"நான் ஒண்ணும் வேண்டலை. எடுன்னு சொன்னீங்க, எடுத்தேன்."

மறுபடி கேட்டுப் பெருமாளைத் தொந்தரவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. மச்சானுக்கே போன் போடச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, மகள் விஷயத்தைச் சொன்னாள்.

"திறந்தே போடும்மா. மாட்டை வித்தாவது நான் கட்டறேன்" என்றான் மச்சான். "மண்டியே பாக்கணும். போட்டோவுல எந்த மரம், ரோட்டோரத்து மரமா?"

"மரம் இல்ல மாமா. காய். ரெண்டா வெட்டி வெச்சது."

"காயா? நல்லா வந்திருக்கா?"

"உள்ள புழு நெளியறது நல்லாத் தெரியுது மாமா. கீழ உங்க ஊர்ப் பேரும் போட்டிருக்கேன்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த டிவி சத்தத்தை அவன் நிறுத்தினான்.

"அந்தப் பூட்டு கெட்டியா இருக்குமாம்மா?" என்றான்.

"நல்ல கெட்டி மாமா" என்று சொல்லிக்கினே மகள், பத்திரிகை அனுப்பிய படிவத்தில் பூட்டுக்கான கட்டத்தைத் தொட்டுவிட்டாள்.