இத்தாலிப் படத்தில் ஒரு சிசிலியா

எல்லைத் தகராறு நடக்கிற ஊரில் பூகோள வாத்தியாராக இருப்பதைப்போல ஒரு பாடு வேறெதிலும் கிடையாது. சாக்பீஸ் பிடித்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஐம்பதுகளில் நெய்யாற்றின்கரை தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலேயே இருக்குமா, தமிழ்நாட்டோடு சேருமா என்று ஊரே இரண்டுபட்டிருந்தது. பாறசாலைப் பள்ளியில் நான் நம் தேசப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு இத்தாலியை மாட்டினேன். ரோமில் படித்துத் திரும்பிய ஒரு பாதிரியார் கொடுத்த படம் அது.

தீவுக்கு அப்பா

பூட்ஸ் போன்ற இத்தாலியின் கால்நுனியில் ஒரு தீவு. பாடப்புத்தகத்தில் சிசிலி, படத்தில் சிசிலியா. இத்தாலிய மொழியிலும் லத்தீனிலும் அதுதான் பேர் என்றேன். வகுப்பில் சிசிலி என்றே ஒரு பெண் இருந்தாள். அன்று சாயங்காலமே பையன்கள் அவளைத் 'தீவு' ஆக்கிவிட்டார்கள். மறுநாள் முதல் அவள் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அப்பா தங்கையன், ஆசாரி வேலைக்காரர், உளிப்பையோடு வந்து நின்றார். "எம் மவள தீவுண்ணு விளிச்சது எந்தப் பயலு சாரே?" படத்துக்கு முன்னால் கூட்டிப்போனேன். உற்றுப் பார்த்தார்.

"நம்ம தாலுக்கா அளவு வருமா?"

"எத்தனையோ தாலுகா இதற்குள் அடங்கும்."

முகம் மலர்ந்துவிட்டது. "பின்ன விளிக்கட்டும் சாரே. அந்தப் பயலுவளுக்குப் பேருல ஒரு சென்ட் பூமி உண்டா?"

பாறசாலை இல்லாத படம்

சிசிலி திரும்பி வந்த வாரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். தமிழ்நாட்டோடு சேரக் கேட்கிற போராட்டக்காரர்கள் புது எல்லை போட்ட படங்களைப் பள்ளிகளில் ஒளித்திருக்கிறார்களாம். எங்கள் தமிழ் வாத்தியாரை ஏற்கெனவே பிடித்துப் போயிருந்தார்கள். வந்தவர் நேரே இத்தாலிக்கு முன்னால் நின்றார். சிவப்புக் கோடுகளைக் கண்டதும் மீசை துடித்தது.

"இதில் பாறசால எவிடெ?" என்று மலையாளத்தில் அதட்டினார்.

இதில் பாறசாலையே இல்லை என்றேன். மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டுத் தடியை இறக்கினார்.

"பாறசால இல்லெங்கில் பின்னெ குழப்பமில்ல சாரே."

இரண்டு பேர்

அடுத்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். இங்கே தமிழ் வகுப்பு இனித் தேவையா என்று பார்க்க வந்தவர், மலையாளி. தமிழ் நன்றாகவே தெரியும்.

"புத்தகத்தில் சிசிலி, சுவரில் சிசிலியா. எது சரி?" என்று வகுப்பைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சிசிலியே எழுந்துவிட்டாள்.

"சிசிலி வீட்டுல விளிக்குற பேரு சார். சிசிலியா பள்ளிக்கூடத்துப் பேராக்கும்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு குலுங்கிச் சிரித்தார்.

"சரியாணு மோளே. எனிக்கும் வீட்டில் பேரு குட்டப்பன்."

கடைசியில் எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்து ஊர் கேரளத்திலேயே நின்றது, தமிழ் வகுப்பு பிழைத்தது, நான் இன்றும் தமிழில் முனகிக்கொண்டே மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுப் பென்ஷன் வாங்குகிறேன்.