குறட்டைக்குச் சொந்தக்காரர்

மற்றவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் தருவார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் வேலூரில் ஒரு தூக்க மருத்துவமனையில் டெக்னீஷியனாக இருக்கும் என் பிழைப்பு அதுதான். நோயாளியின் தலை, மார்பு, கால் எல்லாவற்றிலும் ஒயரை ஒட்டி, "இப்ப தூங்குங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விடியும்வரை அவருடைய மூச்சைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒரு குறட்டைக்காரரோடு குடித்தனம் நடத்துபவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

தறி நின்றால்

குமரேசன் குடியாத்தத்துக்காரர். வீட்டிலேயே விசைத்தறி, அவரும் தம்பியும் மாற்றி மாற்றி லுங்கி நெய்கிறார்கள். எங்கள் அறையில் ஏசி, மெத்தை எல்லாம் இருந்தும் மனிதர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். தூங்கினால்தானே பரிசோதனை? "இன்னா மேடம், இவ்ளோ அமைதியா இருந்தா எப்படித் தூங்கறது?" என்றவர், தம்பிக்கு போன் போட்டார். ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் போனை வைக்கச் சொல்லி, தன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். சடக் சடக்கென்று சத்தம் வந்ததும் குழந்தை மாதிரி தூங்கிவிட்டார்.

எல்லாம் நன்றாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. தம்பியின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அடுத்த நொடி குமரேசன் ஒயர்களைப் பிய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து கத்தினார்: "டேய், நூல் அறுந்துபோச்சு பாருடா!"

முன் சீட்

ஆம்பூர் ஷூ கம்பெனி வேன் டிரைவர் செல்வம் தானாக வரவில்லை. அவர் வேனில் வேலைக்குப் போகும் பெண்களே கூட்டிவந்தார்கள். ஸ்டியரிங் பிடித்தாலே அவருக்குக் கண் சொருகுமாம். அதனால் ராணியக்கா தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவாராம். அக்கா லீவு போட்ட ஒருநாள், வேன் ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தை உரசுகிற மாதிரி நின்றிருக்கிறது.

"நான் தூங்கல மேடம், கண்ணு தானா மூடிக்கிச்சு" என்று சாதித்தார் செல்வம். பரிசோதனையில், தூக்கத்தில் அவருக்கு மூச்சு அவ்வப்போது நின்றுபோவது தெரிந்தது. சரியாகும்வரை வேனைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். வேலை போய்விடுமே என்று செல்வம் அழுதேவிட்டார். அந்தப் பெண்கள்தான் மேனேஜரிடம் சண்டை போட்டு, அதுவரை அவருக்கு குடோனில் வேலை வாங்கித் தந்தார்கள். மாஸ்க் மாட்டிக் காற்று தருகிற மெஷினோடு தூங்கப் பழகி, மறு பரிசோதனையில் தேறி, அவர் மறுபடி வேனில் ஏறினார்.

பிறகொரு நாள் ராணியக்காவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "இப்ப எப்படி ஓட்டறாரு?" என்று கேட்டேன். "ஓட்டறதெல்லாம் ஜோராத்தான் ஓட்டறாரு. ஆனா ஜாஸ்தி பேசறாரும்மா, எங்களால ஒரு கண்ணு அசர முடியல!"

பாயும் பேகமும்

தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற நஜீர் பாயை, அவர் மனைவி மும்தாஜம்மா அழைத்துவந்தார். "இவரு குறட்டையில தெருவே பேஜார். தூக்கத்துல நான் திடுக் திடுக்னு எழுந்துக்கறேன்." பாய் நல்ல பிள்ளையாகக் கட்டிலில் ஏறிப் படுத்தார். அவருக்கு ஒயர் ஒட்டினேன். துணைக்கு வந்த அம்மா பக்கத்துக் கட்டிலில் படுத்தார்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் இடி மாதிரி குறட்டை. திரையிலோ பாயின் மூச்சு தெளிந்த நீரோடையாக ஓடியது. ஒயர் கழன்றுவிட்டதோ என்று உள்ளே போய்ப் பார்த்தால், குறட்டை வந்தது பக்கத்துக் கட்டிலிலிருந்து. காலையில் டாக்டர் பக்குவமாக விஷயத்தைச் சொல்லி, அம்மாவுக்குப் பரிசோதனை எழுதினார். அம்மா வெளியே போனதும் பாயிடம் கேட்டேன், உங்களுக்குத் தெரியாதா என்று. "ரொம்ப வருஷமா தெரியும்மா. இப்ப குறட்டை மட்டும்தான். சொல்லியிருந்தா சண்டையும் சேர்ந்திருக்கும்."

பெண் பார்த்த கதை

அரக்கோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின இரவு டியூட்டி. நேராக வந்து புடவை மாற்றி, காபி கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தெரியும். அப்பா என் வேலையை விளக்கிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன். மாப்பிள்ளையின் அம்மா சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "வேலைய வீட்டுக்கும் எடுத்துக்கினு வந்துடும் போல!"

எங்களிடம் வருகிற எல்லோரும் காலையில் எழுந்ததும் "நான் தூங்கவே இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒன்றுதான் எவருக்கும் பயப்படாமல் அதை மறுத்துப் பேசுகிறது.