ஆறுக்கு ஏழு, ஒன்று கொசுறு

போன வாரம் சைக்கிள் கடையில் நின்றிருந்தேன். கிரீஸும் பஞ்சர் சொல்யூஷனும் கலந்த வாசனை இருக்கிறதே, மற்றவர்களுக்கு அது மூக்கோடு சரி. என்னை அது ஒரு புயல் காலைக்கே கொண்டுபோய் விட்டுவிடும். கடைக்காரத் தம்பி எங்கள் பழைய கியர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றிக்கொண்டே ஹேண்டில்பாரில் இருந்த லிவரை அழுத்தினார். லிவர் ‘டிக்’ என்றது. செயின் இந்தப் பல்லிலும் உட்காராமல் அந்தப் பல்லிலும் உட்காராமல் கடகடவென்று தவித்தது. என் கை தானாகக் கேரியர் பக்கம் போய்விட்டது.

“சார், லிவர் ஆறு கியரோடது. பின்னாடி கிடக்குறது ஏழு. எப்படிங்க ஓட்டுனீங்க?”

பயந்துகொண்டேதான் ஓட்டினேன், வேறெப்படி?

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். இடி இடித்தால் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு அடுத்த வீட்டு ஒயரையும் பிடுங்கச் சொல்லி ஆள் அனுப்புகிறவன் நான். என் மனைவி அமுதா நேரெதிர். வரப்பில் பாம்பு குறுக்கே போனால், “அது பாட்டுக்குப் போவுது, நீங்க ஏன் குதிக்கிறீங்க?” என்பாள்.

சைக்கிள், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் அண்ணன் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றுக்கரை, அதை விட்டால் பாலம். இந்தச் சமதரையில் கியருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். திருத்துறைப்பூண்டி உரக்கடைக்குப் புதிதாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது ஒரு கெத்து. அதில் கேரியர் கிடையாது. கேரியர் இல்லாத சைக்கிளை எங்கள் ஊரில் சைக்கிள் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? வெல்டிங் வைத்துக் கேரியர் மாட்டினோம். அமுதா அதில்தான் உட்கார்ந்து வருவாள்.

சில வருடத்தில் பின்னால் இருந்த ஆறு பல்சக்கர அடுக்கு தேய்ந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஆறு கியர் சரக்கு இல்லை. “ஏழுதாங்க இருக்கு. ஒண்ணு கொசுறுன்னு வச்சுக்குங்களேன்” என்றார் கடைக்காரர். கொசுறு என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் மறுபேச்சுப் பேசுவார்களா? காய் வாங்கினால் கறிவேப்பிலை, நெல் அளந்தால் மேலே ஒரு கை. அதில் வளர்ந்த உடம்பு. வாயெல்லாம் பல்லாக வாங்கி மாட்டிக்கொண்டேன்.

லிவரின் ஒவ்வொரு டிக்கும் ஆறு சக்கரங்களின் இடைவெளிக்கு அளவெடுத்தது. ஏழு என்றால் சக்கரங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு டிக்குக்கும் செயின் ஒரு மயிரிழை கூடுதலாகத் தாண்டும். முதல் டிக்கில் தெரியாது. மேட்டுக்குப் போடுகிற கியருக்கு வரும்போது அத்தனை மயிரிழையும் சேர்ந்துகொண்டு, செயின் இரண்டு பல்லுக்கும் நடுவில் நிற்கும். ஓங்கி மிதித்தால் நழுவும். இதெல்லாம் இப்போது தம்பி சொல்லித் தெரிந்தது. அதற்கும் முந்தைய காலத்து லிவரில் டிக்கே கிடையாதாம், கட்டைவிரலால் இழுத்து எந்தப் பல்லில் வேண்டுமானாலும் நிறுத்தலாமாம். ஓட்டிய காலத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெடல் திடீரென்று காற்றில் சுற்றும், சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடும். அதனால் மேடு வந்தால் பின்னால் திரும்பாமலே “இருக்கியா?” என்று கேட்பேன். “இருக்கேன், இருக்கேன். எங்க போயிடப் போறேன்?” என்று முதுகில் ஒரு குத்து விழும்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அமுதாவுக்கு ஏழாம் மாதம். ராத்திரி முழுக்கப் புயல் அடித்து ஓய்ந்த காலையில் அவளுக்கு ரத்தம் பட ஆரம்பித்தது. ரோடு நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிட செல்போனில் சிக்னல் இல்லை. மரத்துக்கு மேல் தூக்கிப் போட்டுக் கடக்க சைக்கிளால்தான் முடியும். கேரியரில் தலையணையைக் கட்டி அவளை உட்காரவைத்தேன். மரம் கிடந்த இடத்திலெல்லாம் அங்கங்கே இருந்த ஆட்கள் ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கி ஏற்றினார்கள். “இருக்கியா?” என்பேன். “ம்” என்பாள். குத்து விழவில்லை. அதற்காகவே அடுத்த மரம் வருவதற்குள் இன்னொரு தடவை கேட்பேன்.

ஆற்றுக்குக் குறுக்கே இரும்புக் கதவு போட்ட பாலத்தை எங்கள் பக்கம் சட்ரஸ் என்போம். கரையிலிருந்து அதற்கு ஏறுகிற மேட்டில், வந்த வேகத்தில் பழக்கதோஷமாக லிவரை அழுத்திவிட்டேன். டிக். பெடல் காற்றில் சுற்றியது. சைக்கிள் நின்றது, பின்னுக்கு உருண்டது. இடது பக்கம் கரை விளிம்பு வரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர். இரண்டு காலையும் சேற்றில் ஊன்றிப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“இருக்கியா?”

பதில் இல்லை.

ஐயோ! அந்த ஒரு நொடி திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் இல்லாமல் போய்விடுவாளோ என்று இருந்தது.

“இருக்கேங்க” என்றது குரல், வெகுநேரம் கழித்து. முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். “எனக்குப் பயமா இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் நான் கேட்காத வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வலு வந்தது. இறங்கி, ஒரு கையால் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். குழந்தை தங்கியது. நாள் நிறைந்து யாழினி பிறந்தாள்.

அந்த யாழினிதான் இப்போது மாட்டு டாக்டருக்குப் படிக்க ஒரத்தநாடு போகிறாள். ஹாஸ்டலுக்கு இந்த சைக்கிள்தான் வேண்டுமாம். தம்பி ஏழுக்கு ஏழு லிவர் மாட்டிக் கொடுத்தார். டிக் என்றால் செயின் சொன்ன இடத்தில் போய் உட்காருகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அமுதா சுற்றிப் பார்த்தாள்.

“கேரியர் எங்கங்க?”

“பாக்க நல்லா இல்லையாம். கழட்டச் சொல்லிட்டா.”

கேரியர் இருந்த இடத்தில் வெல்டிங் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றாள். யாழினி ஓட்டிப் பார்க்க ஏறி உட்கார்ந்து, “வர்றேன்ப்பா” என்று ஒரே மிதி. கரைமேட்டில் டிக், டிக் என்று மாற்றிக்கொண்டே ஏறினாள், செயின் முனகக்கூட இல்லை. நான்தான் ரோடு வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன். பின்னால் இருக்கிறவளிடம் “இருக்கியா?” என்று கேட்டுப் பழகியவன் நான். முன்னால் போகிறவளிடம் என்னவென்று கேட்பது?