ராஜாவின் காதுக்குள் இருந்தவர்

குற்றாலலிங்கத்துக்கு வாய்த்த உத்தியோகம், ராஜாவின் காதுக்குள் உட்கார்ந்திருப்பது. அரசர்கள் காலத்தில் இந்த வேலை பார்த்தவரை மந்திரி என்றும் சொல்வார்கள், கோள்சொல்லி என்றும் சொல்வார்கள். அது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சினிமாவில் பிராம்ப்டர் என்று பெயர். கிரீடத்துக்குக் கீழே நடிகரின் காதில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கருவி இருக்கும். ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் மைக்கும் வசனத்தாளுமாக லிங்கம் இருப்பார். இவர் அரை மூச்சு முந்திச் சொல்ல, அவர் அரை மூச்சு பிந்திப் பேசுவார். கைதட்டல் மட்டும் முழுசாக அவருக்கே போகும்.

லிங்கம் தென்காசிப் பக்கத்துக்காரர். பதினேழு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து, தம்பானூரில் ஓர் ஓட்டலில் இருபது வருஷம் சப்ளையராக ஓடியவர். மேசையில் இருப்பவர் மலையாளத்தில் ஆர்டரைச் சொல்லி முடிப்பதற்குள், அது தமிழாகி அடுக்களைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு சிரிப்பு நடிகர் அங்கே சாப்பிட உட்கார்ந்தார். தான் வாய் திறந்து பாதியில் இருக்கும்போதே நெய்ரோஸ்ட் வந்துவிட்டதைக் கண்டு மிரண்டுபோய், மறுநாளே படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து பத்து வருஷமாகத் தமிழ் நடிகர்களின் காதில் மலையாளம் ஊற்றுவதே லிங்கத்தின் பிழைப்பு. இந்தத் தொழிலில் தப்பாகச் சொன்னால்கூட மன்னிப்பு உண்டு. சொல்லாமல் நிறுத்தினால் கிடையாது.

இப்போது அந்தப் பிழைப்பு ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் முதல் சங்க அட்டை இல்லாதவர்களைப் படப்பிடிப்பின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அட்டை வேண்டுமென்றால் மூன்று படங்களில் வேலை செய்ததற்குக் கடிதம் வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு கையெழுத்து: ஒன்று இயக்குநருடையது, ஒன்று யார் காதில் ஓதினாரோ அந்த நடிகருடையது. சென்ற பத்து வருஷத்தில் எவரும் கடிதம் கொடுத்ததில்லை. அலைந்து திரிந்து இரண்டு வாங்கிவிட்டார். மூன்றாவது சட்டைப்பையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. படத்துக்கு இன்று கடைசி நாள். படத்தில் நடிக்கும் யானைக்குக்கூட எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது.

படம் ஓர் அரியணையைப் பற்றியது. இந்த மண்ணின் பழைய வழக்கப்படி ராஜாவுக்குப் பிறகு பட்டம் அவருடைய மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. திருவனந்தபுரத்தில் பஸ் கண்டக்டரைக் கேட்டாலும் சில்லறை கொடுத்துக்கொண்டே இதைச் சொல்வார். ராஜாவாக நடிப்பவர் சென்னையின் பெரிய நட்சத்திரம் ஸ்ரீநிவாஸ். அவருடைய தங்கை விஜயம் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். விஜயத்தின் மகன் அனந்த்தான் பட்டம் பெறும் இளவரசன். பட்டம் கிடைக்காமல் நிற்கிற ராஜகுமாரனாக ஸ்ரீநிவாஸின் சொந்த மகன் கௌசிக் நடித்தான். அவனுக்கு இது முதல் படம். நிஜ மாமா, நிஜ மகன், நிஜத் தங்கை மகன் என்பது எப்பேர்ப்பட்ட விளம்பரம் என்று இயக்குநர் பத்மகுமார் பூரித்துப்போயிருந்தார். அவ்வளவு நிஜத்தை ஒரு சினிமா தாங்குமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

வித்துரா போகும் வழியில், தோட்டத்துக்கு நடுவே, கொட்டாரம் என்று இங்கே சொல்கிற ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து அரண்மனையாக்கியிருந்தார்கள். மதியம் இரண்டரைக்கு ஸ்ரீநிவாஸ் தன் கேரவனுக்குள் லிங்கத்தைக் கூப்பிட்டார்.

“உள்ள வாய்யா. கதவச் சாத்து. கடைசி டயலாக் என்ன?”

லிங்கம் மலையாளத்தில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னார். “என் சகோதரி பெற்ற மகனே இந்த மண்ணுக்கு அடுத்த உடையவன். வாளை ஏற்றுக்கொள்.”

“நல்லா இல்ல.”

“சார்?”

“‘நான் பெற்ற மகனே’ன்னு மாத்து. மலையாளத்துல நீயே எழுதிக்க. டேக்ல அதக் காதுல சொல்லு. நான் கௌசிக் பக்கம் திரும்பி வாளக் குடுத்துடறேன்.”

லிங்கம் குரலைத் தாழ்த்தினார். “இங்கத்த வழக்கு அப்படி இல்லியே சார். மகனுக்குப் பட்டம் கிடையாதுல்லா.”

“எந்தக் காலத்து வழக்குக்கோ எம்புள்ள எதுக்குய்யா கை கட்டி நிக்கணும்? முதல் படம்யா அவனுக்கு. கிளைமாக்ஸ்ல என் தங்கச்சி மகன் கால்ல விழறான். போஸ்டர்ல அதத்தான் ஒட்டுவானுங்க.”

“டைரக்டர் சார் சும்மா விடுவாரா?”

“அஞ்சு மணிக்கு இடத்தக் காலி பண்ணணும். யானை போயிடும், முந்நூறு பேரும் போயிடுவாங்க. நாளைக்கு நான் பிளேன்ல இருப்பேன். இன்னொரு டேக் அவரு எங்கேர்ந்து எடுப்பாரு? ராஜா உணர்ச்சிவசப்பட்டுட்டாருன்னு கதைய மாத்திக்குவாரு.” ஸ்ரீநிவாஸ் மீசையை ஒட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஷாட் முடிஞ்சதும் உன் லெட்டரோட வா. கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“கௌசிக் தம்பிக்குத் தெரியுமா சார்?”

“அவனுக்கு எதுக்கு? மூஞ்சில வர்ற ஆச்சரியமாவது நிஜமா இருக்கட்டும். நடிக்க அவனுக்கு இன்னும் வரல.”

வெளியே வந்து ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து லிங்கம் எழுதத் தொடங்கினார். ஓட்டலில் கற்ற மலையாளத்தில் அரசாணை எழுதுவது லேசான காரியமில்லை. முதல் வரைவில் ராஜா, ராஜ்யத்தைப் பார்சல் கட்டச் சொல்வது போல இருந்தது. கிழித்துப்போட்டார். நாலாவது வரைவு தேறியது. தேறியதும் பயம் வந்தது. கூட்டத்தில் நிற்கப்போகிற முந்நூறு பேரும் மலையாளமும் வழக்கமும் தெரிந்த பக்கத்து நெடுமங்காட்டுக்காரர்கள். மகனுக்குப் பட்டம் என்று ராஜா வாய் திறந்த மறுநொடி கூவிவிடுவார்கள். பத்மகுமார் தூணுக்குப் பின்னால் வந்து தாளைப் பிடுங்கிப் பார்ப்பார். எழுதியது லிங்கத்தின் கை என்று தெரிந்துவிடும். அப்புறம் கடிதத்தில் இயக்குநரின் ஒப்பு, அதாவது கையெழுத்து, ஏது? சரி, பழைய வரியையே சொல்லிவிடலாம் என்றால் ராஜாவின் ஒப்பு போய்விடும். இரண்டு ஒப்பும் கிடைக்கிற மாதிரி ஒரு வரி எந்த மொழியிலும் இல்லை.

போன் அடித்தது. மனைவி பிரேமா. கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேன்டீனில் சமைக்கிறவர். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

“ஒப்பு வாங்கியாச்சா?”

“இல்ல.”

“ஒண்ணுமா?”

“ஒண்ணுமில்ல.”

“பின்ன அங்க எந்து செய்யுதீங்க?”

“யோசிச்சிட்டிருக்கேன்.”

“யோசிக்கதுக்கா உங்களக் கூப்பிட்டாவ? சொல்லிக் குடுக்கத்தான கூப்பிட்டாவ? சொல்லிக் குடுத்துட்டு ஒப்ப வாங்கிட்டு வாங்க. அடுத்த மாசம் மறுபடியும் அந்த ஓட்டல்ல போய் எலை எடுப்பேன்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது, கேட்டேளா?”

மழை மேகம் வந்து வெளிச்சத்தை விழுங்கியது. ஒரு மணி நேரம் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் விலகியபோது மணி நாலரை. கொட்டாரத்துக் காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றுகொண்டான். பத்மகுமார் அங்குமிங்கும் ஓடினார்.

“லிங்கண்ணா, ஒரே ஒரு டேக். ஒரு வார்த்தை பிசகினா நம்ம கத கழிஞ்ஞு, கேட்டோ?”

“கேட்டு சாரே.”

பிறகு பத்மகுமார் கௌசிக்கின் தோளைப் பிடித்து நிறுத்தினார். “மோனே, உனக்கு மலையாளம் அறியில்லல்லோ? வார்த்தை ஒண்ணும் நோக்க வேண்டா. அப்பா பேசி நிறுத்தினா மனசுல மூணு எண்ணு. நேரே போய் அனந்த் முன்னால விழு. நீ விழுந்தா ஆளுங்க எல்லாம் வாழ்கன்னு விளிக்கும்.”

“மூணுதானே அங்கிள்?” என்று கேட்டுக்கொண்டான் பையன். பரீட்சைக்குப் போகிற முகம்.

விஜயம் மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லிங்கம் தூணுக்குப் பின்னால் போய் ஸ்டூலில் அமர்ந்து, மடியில் இரண்டு தாள்களைப் பக்கம்பக்கமாக வைத்தார். இடதுபக்கம் தங்கை மகன். வலதுபக்கம் மகன்.

“ஆக்‌ஷன்!”

லிங்கம் சொல்லச் சொல்ல ஸ்ரீநிவாஸ் பேசினார். அந்த மனிதருக்கு மொழி தெரியாதே தவிர, குரல் தெரியும். முன்னோரின் பெருமை, மண்ணின் கடன், தன் முதுமை என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராஜா உறையிலிருந்து வாளை உருவினார். ஒரு பக்கம் அனந்த், மறு பக்கம் கௌசிக். “ஆகையால், நான் முடிவு செய்துவிட்டேன்,” என்றது ராஜாவின் குரல்.

இனி ஒரே ஒரு வரி.

லிங்கம் வலதுபக்கத் தாளைப் பார்த்தார். வாய் திறந்தது. முந்நூறு பேரின் கூவல் முன்கூட்டியே காதில் விழுந்தது. இடதுபக்கத் தாளைப் பார்த்தார். மீசையை ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. முப்பது வருஷமாக, ஓட்டலிலும் சினிமாவிலும், ஒரு நொடி பிந்தாத நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

ராஜா காத்திருந்தார். அவர் கண் தூணைத் தேடியது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது. காதில் காற்று இரைகிற சத்தம் மட்டும்.

வார்த்தை தெரியாத கௌசிக், வார்த்தை நின்றதைக் கண்டுகொண்டான். ஒன்று. இரண்டு. மூன்று. நேராக நடந்துபோய் அனந்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“வாழ்க!” என்று முந்நூறு தொண்டைகள் கிளம்பின. யானை தும்பிக்கையைத் தூக்கியது. கையில் உருவிய வாளோடு நின்ற ராஜாவுக்கு இனி அதை எங்கே வைப்பது என்ற ஒரே கேள்விதான் பாக்கி. அனந்த் இரு கைகளையும் நீட்டி நின்றான். அவற்றில் வைத்தார். கண் கலங்கியிருந்தது, யாருக்காக என்று கேமராவுக்குத் தெரியாது.

“கட்! என்றெ பொன்னு சாரே!” பத்மகுமார் ஓடி வந்து ராஜாவைக் கட்டிக்கொண்டார். “எழுதின டயலாக்க விழுங்கிட்டு அந்த ஒரு மௌனம்! நான் நூறு ஜன்மம் எழுதினாலும் வருமா?”

விஜயம் வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ தவிச்சது எனக்குத் தெரிஞ்சது அண்ணா. ஆனா மனசு கேக்காம எங்காத்துப் பிள்ளைக்கே குடுத்துட்ட பாரு.” ஸ்ரீநிவாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்வது? பிராம்ப்டர் ஏமாற்றிவிட்டான் என்றால், எதில் ஏமாற்றினான் என்று கேட்பார்கள்.

அந்தச் சந்தடியிலேயே பத்மகுமார் லிங்கத்தின் கடிதத்தை யானைப்பாகனின் முதுகில் வைத்து ஒப்புப் போட்டுக் கொடுத்தார். காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கினான். இன்னும் ஒன்று பாக்கி.

லிங்கம் போய்க் கேரவன் கதவைத் தட்டினார். உள்ளே கௌசிக்கும் இருந்தான், சந்தோஷமாக.

“அப்பா, கரெக்டா மூணு எண்ணினேன்பா.”

“பாத்தேன்,” என்றார் ஸ்ரீநிவாஸ். மீசையைப் பிய்த்து வைத்திருந்தார். மகன் எதிரில் இருந்ததால் பேசவேண்டியதைப் பேச முடியவில்லை. “என்னய்யா ஆச்சு உனக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“வாய் வரல சார்.”

வரவில்லையா, வரவிடவில்லையா என்று லிங்கத்துக்கே தெரியவில்லை. வெளியே யாரோ ‘அந்த மௌனம், அந்த மௌனம்’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீநிவாஸ் கை நீட்டிக் கடிதத்தை வாங்கினார்.

“நாப்பத்தோரு நாள் வேலை செஞ்சதா போட்டிருக்கு.”

“ஆமா சார்.”

“இன்னிக்கு நீ வேலை செய்யல.” நாற்பத்தொன்றை அடித்தார். மேலே நாற்பது என்று எழுதினார். கீழே ஒரு கையெழுத்தைக் கிறுக்கி நீட்டினார்.

லிங்கம் அதை வாங்கிப் பார்த்தார். போகவில்லை.

“இன்னும் என்னய்யா?”

“அடிச்சுத் திருத்தின எடத்துலயும் ஒரு ஒப்பு வேணும் சார். இல்லேன்னா சங்கத்துல எடுக்க மாட்டாவ.”

கௌசிக் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திருகித் திருகி மூடினார். லிங்கம் கடிதத்தை மேசைமேல் வைத்து, திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு, இந்த முறையும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.