ஓரத்தில் இருந்த பெயர்

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அம்மா வேலை செய்த, படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடைக்குப் போய்விடுவேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஸ்காபரோவில், வீட்டில் என்னைத் தனியே விட அவருக்கு மனமில்லை.

அன்று மேசையில் பழைய ஜப்பானிய நகர வரைபடம் ஒன்று விரிந்து கிடந்தது. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தது. ஆறு நீலம், கோயில்கள் சிவப்பு, தெருவுக்குத் தெரு பெயர். கல்யாணத்துக்குப் பிறகு குடிபோகும் வீட்டில் மாட்டுவதற்காக ஒரு ஜப்பானியப் பெண் வாங்கியிருந்தாள். அன்று அவளுடைய தாயும் கூட வந்திருந்தார்.

தாய் குனிந்து பார்த்தார். ஆற்றுக்கு அப்பால், நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பெயரில் அவர் விரல் நின்றது. அடுத்த கணம் அம்மாவின் மட்டை வெட்டும் கத்தி அவர் கையில் இருந்தது.

மகள் அலறினாள். இருவரும் ஜப்பானியமும் ஆங்கிலமும் கலந்து சண்டை பிடித்ததில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அது தோல் வேலை செய்தவர்களை ஒதுக்கிவைத்த இடம். இவர்களுடைய முன்னோர் அங்கே இருந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெயரைப் பார்த்து விசாரித்தால் கல்யாணமே முறிந்துவிடும், சுரண்டி எடுக்கப்போகிறேன் என்றார் தாய். எடுத்துவிட்டால் அவர்கள் வாழ்ந்ததற்கே சாட்சி இருக்காது என்று மகள் அழுதாள்.

கத்திமுனை தாளைத் தொட்டது. அம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அக்கா."

பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தக் கை தளர்ந்தது.

அம்மா படத்தைச் சுற்றி வைக்கும் மட்டையை அகலமாக வெட்டி, மேலே வைத்துக் காட்டினார். ஓரத்துப் பெயர் அதன் கீழே போய்விட்டது. ஒருநாள் இதைக் கழற்றலாமா என்று மகள் மெல்லக் கேட்டாள். அம்மா ஓமென்று தலையாட்டினார். தாய் கத்தியை மேசையில் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்த தமிழ் அன்ரி ஒருவர் சிரித்துக்கொண்டே கதை கொடுத்தார்.

"தங்கச்சி ஊரிலை எவடம்?"

அம்மா ஊர்ப்பெயரைச் சொன்னார்.

"ஓ! அங்கை எந்தப் பக்கம்? நீங்கள் என்ன ஆக்கள்?"

அம்மா எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார்.

"இறங்கிற இடம் வந்திட்டுது அன்ரி."

நாங்கள் இறங்கும் தரிப்பு இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. பனியில் நடந்தோம். அம்மா என் கையை நோகும்படி பிடித்திருந்தார். களைப்பில் இடம் மாறி இறங்கிவிட்டார் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

"நாளைக்கு நான் பார்த்துச் சொல்லுறன் அம்மா, எங்கை இறங்கிறதெண்டு."

"ஓம்," என்றார் அம்மா.